குழியில் இறங்கும் மகாராணி

லிஃப்டுக்குள் ஒரு பெரியவர் மாட்டிக்கொண்டார் என்று கம்பெனிக்குப் போன் வந்தபோது, பாப்பா வேறொரு கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து கம்பி வடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எந்தக் கட்டடம் என்று கேட்டதுமே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது. மீதியை ஸ்கூட்டரில் போகும்போது யூகித்துக்கொண்டாள்.

கீழ்த்தளத்தில், புதிதாகச் சேர்ந்திருந்த காவலாளி கேமராத் திரையின் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். திரையில், மூடிய லிஃப்டுக்குள், மடக்கிய குடையை முழங்கையில் மாட்டியபடி ஒரு பெரியவர் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்.

“ரொம்ப நேரமா அசையாம நிக்கிறாருங்க. கத்தக்கூட இல்ல. எனக்குப் பயமாப் போச்சு. எதையும் தொடாதீங்க, கம்பெனியைக் கூப்பிடுங்கன்னு போர்டு இருக்கே. அதான் நானும் தொடல.”

பாப்பா பொத்தானை அமுக்கினாள். கதவு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு திறந்தது.

“வாம்மா” என்றார் பெரியவர், வாசலுக்கு வந்து விருந்தாளியை வரவேற்பதுபோல.

“எங்க போகணும் பெரியப்பா?”

“வீட்டுக்குத்தான்.”

“பட்டனை அமுக்கலையா?”

“அமுக்க யாருமே ஏறலையேம்மா.”

காவலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பாப்பா உள்ளே போய் ஆறாவது மாடிக்கான பொத்தானை அமுக்கினாள். லிஃப்ட் எந்தக் குறையும் இல்லாமல் ஏறியது. பழுது சரியாகிவிட்டது என்று அலுவலகத்துக்குச் சொன்னாள். எந்தப் பழுது என்று அவர்கள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பெரியப்பாவின் தாத்தா ஒரு காலத்தில் ராஜா. சின்ன சமஸ்தானம்தான், குதிரை களைப்பதற்குள் எல்லை வந்துவிடும் என்று பெரியப்பாவே சொல்லிச் சிரிப்பார். நாடு முழுக்க ராஜாக்களின் ஆட்சி முடிந்தபோது அதுவும் முடிந்தது. பிறகு மானியம் நின்றது, அரண்மனை அரசாங்கத்துக்குப் போனது. இப்போது அங்கே வாகன உரிமம் கொடுக்கிறார்கள். ராஜா தூங்கிய அறையில் நின்றுதான் பாப்பா ஓட்டுநர் உரிமத்துக்குப் படம் எடுத்துக்கொண்டாள். அந்த அறையில் அன்றைக்கும் இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

ராஜ்யம் போனாலும் முறை போகவில்லை. குடும்பத்தின் தலைவர் என்று ஒருவர் எப்போதும் இருந்தார், அவருக்கென்று இரண்டு விதிகள் இருந்தன. தலைவரின் கை கொடுப்பதற்கு மட்டுமே நீள வேண்டும். எதையும் கேட்டு நீளக் கூடாது. அழைப்பு மணியை அடிப்பது கேட்பது. லிஃப்ட் பொத்தானை அமுக்குவதும் கேட்பதுதான். ஆகையால் பெரியப்பா தலைவரான நாள் முதல் இன்றுவரை ஒரு பொத்தானையும் அமுக்கியதில்லை. யாராவது வருவார்கள் என்று நிற்பார். பெரும்பாலும் யாராவது வந்துவிடுவார்கள்.

இரண்டாவது விதி, தலைவரின் தலைக்கு மேல் இன்னொருவர் கால் நடமாடக் கூடாது. அரண்மனையில் ராஜாவின் அறை உச்சியில் இருந்தது அதற்காகத்தான். அடுக்குமாடிக் கட்டடத்துக்கு வந்தபோதும் பெரியப்பா உச்சி மாடியைத்தான் பிடித்தார். வெளியே போவதற்குக் கீழ்த்தளத்தைக் கடக்கத்தானே வேண்டும், அப்போது மேலே ஐந்து மாடி ஜனம் நடக்கிறதே என்றால், அதற்குத்தான் குடை. ராஜாவின் வெண்கொற்றக்குடைக்குக் கீழே எந்தத் தோஷமும் அண்டாது. பெரியப்பாவின் வெண்கொற்றக்குடை கறுப்பு நிறம். மடித்தால் கைப்பைக்குள் அடங்கும். லிஃப்டிலிருந்து வாசல்வரை அதை விரித்துப் பிடித்துக்கொண்டு நடப்பார். மழை பெய்கிறதா என்று குழந்தைகள் கூரையை அண்ணாந்து பார்க்கும்.

இப்படி ஒரு குடும்பத்தில் பிறந்துதான் பாப்பா லிஃப்ட் மெக்கானிக் ஆனாள். வீட்டில் கூப்பிட்ட பெயர், தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் உதிரவில்லை. கம்பெனியில் அவளுக்கு வேறு பெயர். ஒருநாள் பெரியப்பா அவளைப் பார்க்க வந்து, வரவேற்பறையின் அழைப்பு மணிக்கு முன்னால் நெடுநேரம் மௌனமாக நின்றதில் விஷயம் வெளிப்பட்டுவிட்டது. அன்றிலிருந்து அவள் மகாராணி. கூடவே வேலை பார்க்கும், சட்டைக் காலரில் எப்போதும் மசகு அப்பியிருக்கும் ‘கிரீஸ்’ அந்தப் பெயரை வைத்தவன். “மகாராணி, அந்த ஸ்பேனரைத் தூக்கிப் போடு” என்று அவன் சொல்லும்போது அதில் மரியாதையும் இருக்கும், கிண்டலும் இருக்கும். எது எவ்வளவு என்று பாப்பா அளந்து பார்த்ததில்லை.

அவளுக்கு வேலையில் மிகவும் பிடித்த இடம் குழி. லிஃப்ட் ஓடும் கூட்டுக்கு அடியில், கீழ்த்தளத்துக்கும் கீழே, நின்றால் தரை மார்புக்கு வரும் ஆழத்தில் ஒரு பள்ளம். கூண்டு தவறி இறங்கினால் தாங்குவதற்கான சுருள்கம்பிகள் அங்கே நிற்கும். மற்ற மெக்கானிக்குகள் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டு ஓடிவந்துவிடுவார்கள். பாப்பா அங்கே சாவகாசமாக உட்காருவாள். லிஃப்டுக்கும் தரைக்கும் நடுவே இருக்கும் இடுக்கு வழியாகக் கட்டடம் தவறவிட்டதெல்லாம் அங்கேதான் வந்து சேரும். சாவி, தோடு, பேனா மூடி, ஒற்றைச் செருப்பு. ஒருமுறை ஒரு பல்செட். எல்லாவற்றையும் துடைத்து, உரியவர்களைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவாள். பல்செட்டுக்கு உரியவர் யாரென்று கேட்கவே வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் மாடித் தாத்தா சிரிக்காமல் இருந்தார்.

பிரச்சினை பெரியப்பாவின் முழங்காலில் ஆரம்பித்தது. கொஞ்ச தூரம்கூட நடக்க முடியவில்லை. கீழ்த்தளத்தில் குடியிருந்த பல் டாக்டர் அவருடைய சதுரங்கக் கூட்டாளி. டாக்டரும் மேலே ஏறிவந்து ஆடி ஆடிச் சலித்துவிட்டார். அவர் வீட்டுக்குப் பக்கத்து வீடு காலியானது. வாசலில் மரநிழல், படியே கிடையாது. பெரியப்பா அந்த வீட்டைப் பற்றிப் பேசும்போது குரல் கல்யாணமாகாத பையனுடைய குரல் மாதிரி ஆகிவிடும். ஆனால் தலைவர் கீழ்த்தளத்தில் குடியிருக்க முடியாது. குடையைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம், தூங்க முடியாது.

“தலைமையை இறக்கி வெச்சிடறேன்” என்றார் பெரியப்பா.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தம்பி, அதாவது பாப்பாவின் அப்பா, காலமாகிவிட்டார். அடுத்த வரிசையில் மூத்தவள் பாப்பா.

“நான் ஏத்துக்கறேன் பெரியப்பா” என்று அவள் யோசிக்காமல் சொன்னாள். அவர் மரத்தடியில் உட்கார்ந்து சதுரங்கம் ஆடுவதை நினைத்துத்தான் சொன்னாள். அடுத்த நொடியே அத்தை ஞாபகப்படுத்தினாள்.

அத்தை பெரியப்பாவின் தங்கை. பூகோள டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். உலகப்படத்தில் இப்போது இல்லாத நாடுகளின் எல்லைகளெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அதில் சொந்த நாடும் ஒன்று.

“அப்போ குழி வேலைக்கு முழுக்கு” என்றாள் அத்தை. “தலைவி ஆனதுக்கப்புறம் அந்தப் பள்ளத்துல இறங்கினா, வர்றவன் போறவன் எல்லாம் உன் தலைமேல மிதிச்சிட்டுப் போவான்.”

“என்னை யாரு மிதிக்கிறாங்க அத்தை? அவங்க அவங்க வீட்டுக்குப் போறாங்க.”

“வியாக்கியானம் வேண்டாம். உன் மேனேஜர் என்கிட்ட படிச்ச பையன். பேசிட்டேன். ஆபீஸ்ல மேஜை போட்டுத் தர்றானாம். புகார் வந்தா யாரை அனுப்பறதுன்னு நீ சொன்னாப் போதும். ஏசி ரூம்.”

பாப்பா பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே, கீழே, அந்த மரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சரி அத்தை” என்றாள்.

மறுநாள் கிரீஸிடம் சொன்னபோது அவன் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டான். “மேஜையா? நீயா? நாற்காலிக்கு அடியில ஏதாவது கிடக்கான்னு குனிஞ்சு பார்த்துக்கிட்டே இருப்ப.”

“விளையாடாத.”

“நான் விளையாடல மகாராணி. குழிக்கு இனிமே என்னை அனுப்புவ. எனக்கு அந்த நாத்தமே ஆகாது.”

பொறுப்பு மாறும் நாள் வந்தது. முறை இதுதான்: பழைய தலைவர் காலையிலேயே தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிடுவார். அதிலிருந்து அடுத்தவர் செங்கோலை வெறுங்கையால் எடுக்கும்வரை குடும்பத்துக்குத் தலைவர் கிடையாது. கை பட்ட நொடியில் தலைமை மாறிவிடும். எந்த இடம், யார் முன்னால் என்பதெல்லாம் முறையில் இல்லை. வெறுங்கை பட வேண்டும், அவ்வளவுதான். அதனாலேயே மற்றவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். தலையணையில் வைத்துத்தான் கொண்டுவருவார்கள்.

பெரிய செங்கோல் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. குடும்பத்தில் மிஞ்சியது ராஜா வேட்டைக்குப் போகும்போது எடுத்துச்சென்ற சின்னது. முழ நீளம், புல்லாங்குழல் பருமன், வெள்ளி. வங்கிப் பெட்டகத்திலிருந்து அதைக் கொண்டுவரும் பொறுப்பு அத்தையின் மகனுக்கு. ஊரில் பாதிப் பேருக்கு அவன் பாலிசி போட்டிருந்ததால் அவன் இன்சூரன்ஸ் அத்தான்.

ஆறாவது மாடியில் எல்லோரும் காத்திருந்தார்கள். பாப்பா சரிகை வைத்த நீண்ட அங்கியில் வேர்த்துக்கொண்டிருந்தாள். கிரீஸும் வந்திருந்தான், காலரைத் துவைத்திருந்தான். தலைப்பாகை இல்லாத பெரியப்பா, முடிவெட்டிக்கொண்டு வந்தவர்போல் இளமையாக, லிஃப்ட் வாசலுக்கு எதிரே நின்றார்.

லிஃப்ட் திறந்தது. அத்தான் பட்டுத் தலையணையை இரு கைகளிலும் ஏந்தி நின்றான். எதிரே மாமா நிற்பதைக் கண்டதும், சின்ன வயதிலிருந்து பழகிய பழக்கம், இடுப்பை வளைத்து வணங்கினான். தலையணையும் கூடவே வணங்கியது. செங்கோல் உருண்டு, கூண்டுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடுக்கில், உறையில் போகும் கத்திபோல் நேராக இறங்கியது.

டிங் என்று ஒரு சத்தம். கொஞ்சம் கழித்து இன்னொன்று. பிறகு வெகு கீழே, மெத்தென்று ஒன்று.

அத்தான் காலியான தலையணையை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

“இன்சூர் பண்ணியிருக்கியா?” என்று கேட்டார் பெரியப்பா.

“இல்ல மாமா.”

“நல்ல ஏஜெண்ட்.”

“அந்த மெத்து சத்தம் எண்ணெய்க் கசடு” என்றாள் பாப்பா. “பயப்படாதீங்க. வளைஞ்சிருக்காது.” அவள் ஏற்கெனவே அங்கியின் கைகளைச் சுருட்ட ஆரம்பித்திருந்தாள்.

“நீ போகக் கூடாது” என்றாள் அத்தை.

“இன்னும் நான் தலைவி இல்லையே அத்தை. இப்ப நான் மெக்கானிக்.”

அத்தை வாயைத் திறந்தாள், முறையை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள், மூடினாள். சரிதான். தலைப்பாகை இறங்கிவிட்டது, செங்கோலை யாரும் எடுக்கவில்லை. இந்த நேரத்தில் யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் இறங்கலாம்.

எல்லோரும் இரண்டு தவணையாக லிஃப்டிலேயே கீழே வந்தார்கள். மாடியில் ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு வழியில் ஏறிய பல் டாக்டர், அங்கியில் நிற்கும் பாப்பாவைப் பார்த்து நாடகமா என்று கேட்டார். கிரீஸ் காலி லிஃப்டை மேலே அனுப்பிவிட்டு வந்தான். பாப்பா ஸ்கூட்டரிலிருந்து முக்கோணச் சாவியையும் கையுறையையும் எடுத்துவந்தாள். கீழ்த்தளக் கதவைச் சாவியால் திறந்தாள். உள்ளே கையை விட்டு, சுவரிலிருந்த சிவப்புச் சுவிட்சை அமுக்கினாள். விளக்கைப் போட்டாள். அங்கியை முழங்கால்வரை முடிச்சுப் போட்டுக்கொண்டு ஏணியில் இறங்கினாள்.

“குடையையாவது பிடிச்சுக்கயேன்” என்று அத்தான் மேலிருந்து நீட்டினான்.

“இங்க எனக்கே இடம் இல்ல அத்தான்.”

செங்கோல் சுருள்கம்பிக்குப் பக்கத்தில், கறுத்த கசட்டில் பாதி புதைந்து மினுங்கிக்கொண்டிருந்தது. அதன் அருகே யாரோ ஒரு குழந்தையின் நீலக் கோலிக்குண்டு. பாப்பா குனிந்து முதலில் கோலியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“கையுறையைக் கழட்டிடாத” என்று மேலிருந்து அத்தையின் குரல் வந்தது. “வெறுங்கை படக் கூடாது. அப்படியே எடுத்துக் கொடு. துடைச்சு, மேல போய், முறையாப் பண்ணிக்கலாம்.”

பாப்பா நிமிரவில்லை. அந்த இடம் அவளுக்கு மிக நன்றாகத் தெரியும். தொங்கும் வடத்தின் லேசான முனகல், எண்ணெய் வாடை, மேலே ஆறு மாடியின் நடமாட்டம். கையுறையோடு எடுத்துக் கொடுத்தால் இதுதான் கடைசித் தடவை. மேலே போய், துடைத்த வெள்ளியைத் தொட்டு, அடுத்த மாதம் ஏசி ரூமில் உட்கார்ந்து, கிரீஸ், நீ போ என்று போனில் சொல்ல வேண்டும்.

அவள் வலதுகைக் கையுறையின் விரல் நுனியைப் பல்லால் கடித்து இழுத்தாள். கையுறை கழன்றது. குனிந்து செங்கோலை எடுத்தாள்.

மேலே வாசலைச் சுற்றி நின்ற தலைகள் எல்லாம் உறைந்துபோயின. கிரீஸ் மட்டும் காரணம் புரியாமலேயே கைதட்டினான். பக்கத்தில் யாரும் தட்டாததைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“என்ன காரியம் பண்ணினே” என்றாள் அத்தை. குரல் கோபமாகக்கூட இல்லை. “தலைமை எடுக்கற இடமா இது? தலைக்கு மேல லிஃப்ட் தொங்குது. ஆறு மாடி ஜனம் ஏறி இறங்கிட்டு இருக்கு.”

“இப்ப யாரும் லிஃப்ட்ல ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது அத்தை. குழியில இறங்கறதுக்கு முன்னாடி அந்தச் சிவப்பு சுவிட்சை அமுக்கணும். அமுக்கிட்டா, நான் எடுத்துவிடற வரைக்கும் லிஃப்ட் ஒரு விரக்கடை நகராது. என் உத்தரவு இல்லாம என் தலைமேல யாரும் போக முடியாது.”

“அது மெஷினோட விதி.”

“மெஷினாவது விதியை மதிக்குதே” என்றார் பெரியப்பா.

அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு சுவரை நோக்கி நகர்ந்தார். என்ன செய்யப்போகிறார் என்று முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. பொத்தானுக்கு முன்னால் நின்றார். ஆள்காட்டி விரலை நீட்டி, சரியாக எங்கே அமுக்குவது என்று தெரியாததுபோல் அதைச் சுற்றி ஒருமுறை வட்டம் போட்டார். பிறகு அமுக்கினார்.

“அண்ணா” என்றாள் அத்தை.

“நான் இப்ப தலைவர் இல்லம்மா. கை எங்க வேணா நீளும்.” அவர் காத்திருந்தார். மறுபடி அமுக்கினார். அண்ணாந்து இருட்டுக் கூட்டுக்குள் பார்த்தார். மேலே தொங்கிய லிஃப்ட் அசையவே இல்லை.

“வரலையே” என்றார்.

“வராது பெரியப்பா.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். தோள் குலுங்கிக் கைத்தடி நடுங்கியது. பல் டாக்டர் வந்து முழங்கையைத் தாங்கிக்கொண்டார். “இத்தனை வருஷம் தலைவரா இருந்தேன். நான் சொல்லி எதுவும் நகர்ந்ததும் இல்ல, நின்னதும் இல்ல. பட்டனுக்கு முன்னாடி நின்னதெல்லாம் நான்தான். இவ குழிக்குள்ள நின்னுக்கிட்டு ஆறு மாடியை நிறுத்தி வெச்சிருக்கா. இதுக்கு மேல என்ன முறை வேணும் உனக்கு?”

அத்தை முழங்கால்களை மடக்கிச் சிரமப்பட்டு வாசல் ஓரத்தில் குந்தினாள். குழிக்குள் எட்டிப் பார்த்தாள். சுருள்கம்பி, தண்டவாளம், ஏணி, விளக்கு, கசடு அப்பிய அங்கி என்று ஒவ்வொன்றாக, புது நாட்டின் படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“ஒவ்வொரு தடவையும் அந்த சுவிட்சை அமுக்குவியா?”

“அமுக்காம இறங்கினா வேலையை விட்டே தூக்கிடுவாங்க அத்தை.”

“மறக்கக் கூடாது.”

“மறக்க மாட்டேன்.”

“அப்போ சரி.” அத்தை எழுந்திருக்கக் கையை நீட்டினாள், அத்தான் தூக்கிவிட்டான். “அந்த மேனேஜர் பையனுக்கு மேஜையை வேற யாருக்காவது போடச் சொல்றேன். அந்த அங்கியை மண்ணெண்ணெயில ஊறப்போடு. சரிகை போயிடும், போனாப் போகுது.”

பாப்பா ஏறிவந்து, சுவிட்சை விடுவித்து, கதவை மூடியதும் உள்ளே எங்கோ ஒரு பெருமூச்சு கேட்டது. பெரியப்பா அமுக்கிய அமுக்கு வீணாகிவிட்டதால் அவர் மூன்றாவது முறை அமுக்கினார். லிஃப்ட் வந்தது. கதவு தனக்காகத் திறந்ததைப் பார்த்து அவர் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டார்.

அடுத்த வாரம் பெரியப்பா மரத்தடி வீட்டுக்குக் குடிவந்தார். பாப்பா தன் பழைய மேல்மாடி வாடகை வீட்டை விட்டு அவருடைய ஆறாவது மாடிக்குப் போனாள். அந்த விதியில் அவளுக்கும் ஆட்சேபம் இல்லை, காற்று நன்றாக வந்தது. செங்கோலைத் துடைத்து அத்தானிடம் கொடுத்தபோது, அவன் கைக்குட்டை சுற்றிய கையால் அதைத் தலையணையோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கோலிக்குண்டு நாலாம் மாடிப் பெண்குழந்தையுடையது.

பொத்தான் விதி பாப்பாவை ஒன்றும் செய்யவில்லை. லிஃப்டை வரச்சொல்லி அவள் கேட்பதில்லை, சோதிக்கிறாள் என்று பெரியப்பாவே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஒருநாள் சாயங்காலம் அவளும் கிரீஸும் வேறு தெருவில் வேலை முடித்துக் கருவிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தபோது அவன் போன் அடித்தது. கேட்டுவிட்டு அவளிடம் திரும்பினான்.

“மகாராணி, உன் கட்டடத்திலிருந்து புகார். லிஃப்ட் ஒவ்வொரு மாடியிலயும் நின்னு நின்னு போகுதாம். ஏறும்போதும் அப்படித்தான், இறங்கும்போதும் அப்படித்தான். சாயங்காலமானா தினமும் இதேதானாம்.”

“உள்ள யாராவது இருக்காங்களான்னு கேளு.”

கேட்டான். “ஒரு பெரியவர் இருக்காராம். கதவு திறக்கும்போதெல்லாம் எல்லாருக்கும் வணக்கம் சொல்றாராம்.”

பாப்பா பையின் வாரை இழுத்து மாட்டினாள்.

“பழுது இல்லன்னு சொல்லு” என்றாள்.